வால்மோர் காரைக் குளிப்பாட்டிய கதை

ரகசியம் என்றால் என்ன என்று யாராவது கேட்டிருந்தால், ‘அம்மாவிடம் மட்டும் சொல்வது’ என்றுதான் இருபத்து நான்கு வயது வரைக்கும் பதில் சொல்லியிருப்பேன். அம்மாவிடமும் சொல்லக்கூடாது என்று கம்பெனியில் நான்கு பக்கக் காகிதம் நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். படிக்காமலே போட்டேன். (படித்திருந்தாலும் சொல்லியிருப்பேன். அதை இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.)

வேலைக்குச் சேர்ந்து அப்போது மூன்று மாதம். கம்பெனியின் பெயர் வால்மோர். ஒரு காலத்தில் மகாராஜாக்களும் ஜமீன்தார்களும் மட்டுமே வைத்திருந்த சீமைக் கார் அது. நொடித்துப்போய், ஆலையை இழுத்து மூடி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தப் பெயரை நம் நாட்டுக்காரர்கள் சிலர் வாங்கி, அதே பெயரில் புதிதாக ஒரு கார் செய்து உலகத்துக்குக் காட்டப் போவதாக முடிவெடுத்தார்கள். வேலையில் பாதி சென்னைக்கு வெளியே ஒரு பெரிய கொட்டகையில் நடந்தது. அங்கே நான் சஸ்பென்ஷன் பிரிவில் டிரெயினி. மேடு பள்ளத்தில் வண்டி எவ்வளவு குலுங்குகிறது என்று குறித்துக் கொடுப்பது என் வேலை.

இதை எங்கள் ஊரான வடக்கனந்தலில் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. அப்பாவின் அக்கா, சகுந்தலா அத்தை, எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. “வால்மோரா? மோர் விக்கறவனுக்குக் கார் கம்பெனி இன்னாத்துக்குடி?” என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். “செரி, மோர்ல ஜாஸ்தி தண்ணி ஊத்தாம இருந்தா செரி” என்று முடித்துக்கொண்டார்.

ஒருநாள் கூட்டத்தில் வசந்தா மேடம் ஒரு கேள்வி கேட்டார். மேடம்தான் சோதனைப் பிரிவுக்குத் தலைவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. காரை நிஜமான மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும், ஆனால் சுற்றுலாக் கூட்டம் இருக்கக்கூடாது, கொண்டை ஊசி வளைவும் வேண்டும், கொஞ்சம் பள்ளமும் வேண்டும், எங்கே போகலாம் என்றார். எல்லோரும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் எழுந்து நின்றுவிட்டேன்.

“கல்வராயன் மலை மேடம். எங்க ஊர்ல இருந்து கூப்பிடு தூரம். கண்ணைக் கட்டி விட்டாக்கூட ஏறி இறங்கிடுவேன்.”

உண்மை என்னவென்றால், அதுவரை நான் அந்த மலை ஏறியது ஒரே ஒரு முறை, பள்ளிச் சுற்றுலாவில். மேலே இருக்கும் வெள்ளிமலை போய்ச் சேரும் வரைக்கும் பஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வகையில் பார்த்தால் கண்ணைக் கட்டித்தான் ஏறியிருந்தேன்.

மேடம் சம்மதித்தார். மறுநாளே அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு பேர் சாப்பிட வரோம்மா. கம்பெனிக் கார்ல. ஆனா யாருக்கும் தெரியக்கூடாது.”

“சாப்பிடறதுல இன்னாடி ரகசியம்? பத்தியச் சோறா?”

“கார்தான் ரகசியம்மா. ராஜாங்க வெச்சிருந்த கார். மறுபடி வருது. உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்.”

“நான் யாருகிட்ட போய் சொல்லப் போறேன்” என்றார் அம்மா. அடுத்த நிமிடம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அத்தையிடம் மட்டும் சொன்னார். அத்தை யாரிடமெல்லாம் மட்டும் சொன்னார் என்று ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

காரை மூடிய லாரியில் கள்ளக்குறிச்சி வரை கொண்டுவந்து இறக்கினோம். டயர் மாற்ற வேண்டும் என்று லாரி உளுந்தூர்பேட்டைக்குத் திரும்பிப் போய்விட்டது. கார் பார்க்க லட்சணமாக இருக்கவில்லை. யாராவது படம் எடுத்தாலும் அதன் வடிவம் தெரியக்கூடாது என்பதற்காக, கூரையிலிருந்து கதவு வரை கறுப்பும் வெள்ளையுமாக நெளிநெளி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். பைத்தியம் பிடித்த வரிக்குதிரை மாதிரி இருந்தது. கம்பெனி டிரைவர் சேவியர் அண்ணன் ஓட்டினார். பின்சீட்டில் மேடம், மடியில் கணினி. முன்சீட்டில் வழிகாட்டியாக நான்.

மலை ஏறிய விதத்தை என்னவென்று சொல்வது. வளைவுக்கு வளைவு கார் தண்ணீரில் மீன் திரும்புவது போலத் திரும்பியது. எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கி ஏறியபோதுகூட என் வயிறு அசையவில்லை. வெள்ளிமலைக்கு வாந்தி எடுக்காமல் போய்ச் சேர்ந்தேன். புது வால்மோருக்குக் கிடைத்த முதல் சான்றிதழ் என் வயிறு கொடுத்ததுதான். மூன்று முறை ஏறி இறங்கினோம். மேடம் கணினியைப் பார்த்துவிட்டு, “நல்ல ரோடு” என்றார். அந்த ரோட்டை எங்கள் தாத்தாதான் போட்டார் என்பது போல நான் தலையாட்டினேன்.

மத்தியானம் வடக்கனந்தல். அப்பா டிராக்டரை வெயிலில் நிறுத்திவிட்டு அதன் கொட்டகையைக் காருக்கு ஒழித்து வைத்திருந்தார். தகரக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போனோம். தெருவில் ஏன் இத்தனை செருப்பு கிடக்கிறது என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நாட்டுக்கோழிக் குழம்பு வாசனையில் வரவில்லை.

அம்மா அன்றைக்குப் பரிமாறியது போல வாழ்நாளில் பரிமாறியதில்லை. மேடம் கையை மறைத்தால் விரல் சந்தில் சோறு விழுந்தது. “ரசம் ஊத்திக்கங்க. மோர் இருக்குது. இருங்க, பாயசம் ஆறிக்கினு இருக்குது.” மேடம் எழுந்திருக்கப் பார்க்கும்போதெல்லாம் ஒரு அப்பளம் வந்தது. ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. எங்கள் அம்மாவின் விருந்தோம்பலைப் பார்த்தீர்களா என்று நான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன். அம்மா எங்களைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார் என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை.

கை கழுவிவிட்டுக் கொட்டகைக் கதவைத் திறந்தேன்.

உள்ளே தகதகவென்று ஒரு கார் நின்றது. கத்தரிக்காய் நிறம். முன்பக்கத்தில் வெள்ளி நிறத்தில் வால்மோர் சின்னம். அதன்மேல் சந்தனம், குங்குமம். நான்கு சக்கரத்துக்கும் கீழே நான்கு எலுமிச்சம்பழம். தரையெல்லாம் ஈரம். சுற்றி நாற்பது பேராவது இருப்பார்கள், பாதிப் பேர் கையில் போன். நடுவில் சகுந்தலா அத்தை தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். உரித்த ஸ்டிக்கர் முழுவதும் ஒரு சாக்கில் சுருட்டி மூலையில் இருந்தது.

“வந்துட்டியா. கம்பெனிக் காரை இன்னா கதி பண்ணி வெச்சிருக்கானுங்க பாரு. கண்ட ஸ்டிக்கரை ஒட்டி” என்றார் அத்தை. “எவர்சில்வர் குண்டான் ஸ்டிக்கர் மாதிரிதான். சுடுதண்ணி ஊத்தி நுனியைப் புடிச்சி இழுத்தா அலேக்கா வந்துடுச்சி. கோந்து மட்டும் கொஞ்சம் அடம் பண்ணுது.”

என் பின்னால் மேடம் வந்து நிற்பது தெரிந்தது. அந்த நிறத்தைக் கம்பெனிக்கு வெளியே ஒருவரும் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் ஒரு பொறியாளர், ஒரு மகள், ஒரு மனுஷி என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்றுவரை யோசிக்கிறேன். நான் சொன்னது இது:

“மேடம், இவங்க யாருன்னே எனக்குத் தெரியாது.”

“பொறந்த உன்னை மொத மொத தூக்கினது நானுடி” என்றார் அத்தை, துடைப்பதை நிறுத்தாமல்.

மேடம் என்னைத் திட்டவில்லை. “எத்தனை பேர் போட்டோ எடுத்திருக்காங்க?” என்று மட்டும் கேட்டார். பிறகு தணிந்த குரலில், “ஒரு படம் வெளியே போனாலும் இத்தனை பேரோட மூணு வருஷ உழைப்பு போச்சு, கோமதி. நீங்களே சொல்லுங்க அவங்ககிட்ட” என்றார்.

சொன்னேன். கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பற்றி, படிக்காமல் போட்டதைப் பற்றி, அம்மாவிடம் சொன்னது என் தப்பு என்று. சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. “எங்க கம்பெனியே சொல்றதுக்கு முன்னாடி இந்தப் படம் வெளிய போனா என் வேலை போயிடும்” என்று முடித்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அத்தைதான் முதலில் அசைந்தார். துணியை வைத்துவிட்டுத் தகரக் கதவை உள்பக்கம் தாழிட்டு, அதன் முன்னால் நின்றார்.

“ஒவ்வொருத்தரா வந்து என் எதிரிலயே அழிச்சிட்டுப் போங்க. எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனா அழிச்சது அழியாதது தெரியும். பெத்த புள்ளைக்குக்கூட சொல்லக்கூடாது. சொன்னீங்கனா என் வூட்டு விசேஷத்துக்கு யாரும் வராதீங்க.”

ஒவ்வொருவராக வந்தார்கள். சேவியர் அண்ணன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு போனையும் சரிபார்த்தார். லாரி வந்து சேர மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை கொட்டகை வாசலில் எட்டுப் பெண்கள் காவல் உட்கார்ந்திருந்தார்கள். “உள்ள இன்னா?” என்று கேட்ட எதிர்வீட்டு மாமாவிடம், “மாடு கன்னு போட்டுக்கினு இருக்குது” என்று அம்மா முகம் மாறாமல் சொன்னார். எனக்கு வராத பொய் அம்மாவுக்கு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அடுத்த ஆறு மாதம் நான் தினமும் காலையில் பல் தேய்க்கும் முன் போனில் ‘வால்மோர்’ என்று தேடினேன். கார் அறிமுக விழாவுக்கு முந்தின வாரம் இரண்டு படங்கள் வெளியாயின. உயிரே போய்விட்டது. பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் தெரிந்தது எங்கள் தகரக் கொட்டகை இல்லை, கம்பெனியின் சொந்தப் பெயிண்ட் அறை.

அன்று மாலை மேடம் என் மேஜைக்கு வந்தார். “கையெழுத்துப் போட்ட இடத்துல இருந்து ரெண்டு படம் போச்சு. கையெழுத்துப் போடாத ஊர்ல இருந்து ஒண்ணும் போகல” என்றார். அப்போதுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். ஐம்பது வருடம் கழித்து மேடையில் வால்மோர் பெயர் ஏறிய நாளில், கத்தரிக்காய் நிறக் காருக்கு எல்லோரும் கை தட்டினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் அதை ஆறு மாதம் முன்பே பார்த்துவிட்டு, சும்மா இருந்தவர்கள்.

என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை முகத்தில் மேக்கப் கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது. அத்தை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “சுடுதண்ணி எடுத்தாரட்டா?” என்றார். மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளைக்கு மட்டும் காரணம் தெரியவில்லை. இப்போது எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் இந்தக் கதையை அவர்தான் சொல்கிறார், நான் அழுததைக் கொஞ்சம் கூட்டி.

கம்பெனியிலும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. சோதனைக் காருக்குப் புதிதாக எந்த ஸ்டிக்கர் வாங்கினாலும், முதலில் ஒரு துண்டை ஒட்டி, சுடுதண்ணீர் ஊற்றி, தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்ப்பார்கள். அதற்கு வடக்கனந்தல் டெஸ்ட் என்று பெயர். வெள்ளைக்காரப் பொறியாளர்கள்கூட நாக்கைச் சுழற்றி அப்படித்தான் சொல்கிறார்கள்.

போன பொங்கலுக்குப் போனபோது அத்தையிடம் இதைச் சொன்னேன். காரை விட இதில்தான் அவருக்கு அக்கறை.

“எதுனா பாஸ் ஆச்சா?”

“இன்னும் இல்ல அத்தை.”

“ஆவாது” என்றார்.