சிவசங்கர் மாற்றிய இன்ஜின்

பழைய காருக்குப் பெரிய இன்ஜின் பொருத்திய கதைகளில் உரிமையாளன் இருப்பான், மெக்கானிக் இருப்பான், குதிரைத்திறன் எத்தனை என்பதும் இருக்கும். புளியோதரைத் தூக்கை மடியில் ஏந்தி இடது இருக்கையில் அமர்ந்திருப்பவள் மட்டும் இருக்கமாட்டாள். இந்தக் கதையில் இருக்கிறாள். பெயர் காஞ்சனா.

ஒரகடத்து இன்ஜின் ஆலையில் அவளுக்குப் பதினோரு ஆண்டு வேலை. ‘லைன்ல ஏதோ போல்ட்டு திருகுறா’ என்பதற்கு மேல் கணவன் சிவசங்கர் விசாரித்ததில்லை. அவன் டயர் கிடங்கில் சூப்பர்வைசர். நாள்தோறும் டயரைப் பார்ப்பதால் காரின் மீதிப் பாகங்களும் தனக்கு அத்துப்படி என்பது அவன் நம்பிக்கை.

வீட்டுக் கார் அவள் அப்பா கொடுத்தது. ஆர்சியும் அவள் பெயரில். இருபத்திரண்டு வயதான அந்தக் கிழம், ஏசி போட்டால் மேம்பாலம் ஏறாது. மைத்துனன் ஹேமந்த் பாலத்தின் நடுவில் ஹாரன் அடித்துக் கடந்துபோன அன்று சிவசங்கர் சபதம் பூண்டான்: பெரிய இன்ஜின், அதுவும் அவளுக்குத் தெரியாமல். காரணம் உண்டு.

“எங்கப்பா கார்ல கைய வெச்சீங்கன்னா, அந்தக் கை உங்களுக்கு இல்ல” என்று மரியாதை குறையாமல் எச்சரித்திருந்தாள்.

இன்ஜின் மாற்ற அனுமதி கேட்கும் படிவத்தைத் தானே நிரப்பி, இன்ஷூரன்ஸ் காகிதங்களுக்கு நடுவே செருகி நீட்டினான். சாம்பாரைக் கிளறியபடியே கையெழுத்திட்டாள். அவனுக்கு வயிறு குளிர்ந்தது.

காரும் காகிதமும் படப்பை மெக்கானிக் தாமஸிடம் போயின. மறுநாளே போன்.

“சார், நீங்க சொன்ன இன்ஜின் வாணாம். ரேடியேட்டர் தாங்காது. கொஞ்சம் சின்னதா ஒண்ணு கீது.”

“எவன் சொன்னது?”

“நமக்கு ஒரு எக்ஸ்பர்ட் கீறாங்க. மொதல்ல பிரேக்கை மாத்தச் சொல்றாங்க. ஓடுறதுக்கு முன்னாடி நிக்கத் தெரியணுமாம்.”

“மேதைய்யா அவரு! கால்லயே விழலாம்.”

“விழுவீங்க, சார்” என்றார் தாமஸ்.

வீட்டில் வேறு விசாரணை.

“காரு இன்னாங்க, மூணு வாரமா சர்வீஸ்ல? பிரசவத்துக்கு வுட்டுக்கீறீங்களா?”

“ஆயில் மாத்துறாங்க, காஞ்சனா.”

“ஒவ்வொரு சொட்டா ஊத்துறாங்களா?”

கார் வந்தது. ஞாயிறன்று மணிமங்கலம் கோயிலுக்குப் பயணம். ஏசி முழு வேகத்தில் வீச, பாலத்தை அது மூச்சு வாங்காமல் ஏறியது. பின்தங்கிய ஹேமந்துக்குச் சிவசங்கர் இரண்டு முறை ஹாரன் அடித்தான். கோயில் வாசலில், பின்னால் வந்து சேர்ந்த ஹேமந்துக்குப் பானெட்டைத் திறந்து காட்டினான்.

“இன்னா மாமா, போல்ட்டுக்கெல்லாம் மஞ்சக் கோடு?”

சிவசங்கர் அப்போதுதான் குனிந்து பார்த்தான். காஞ்சனா கைப்பையிலிருந்து மஞ்சள் பெயின்ட் பேனாவை எடுத்துக் காட்டினாள்.

“முறுக்கு சரியா கீதுன்னு செக் பண்ணா கோடு போடுவோம். கோடு இல்லாத இன்ஜின் எங்க லைனைத் தாண்டாது.”

“அப்ப... அந்த எக்ஸ்பர்ட்டு?”

“படிவத்துல ஓனர் போன் நம்பர்னு என் நம்பரைத்தான எழுதினீங்க? தாமஸண்ணன் ஓனரைக் கேக்காம ஸ்பேனரைத் தொடுவாரா? நான்தான் ஷெட்டுக்குப் போய் ஒவ்வொரு போல்ட்டையும் செக் பண்ணேன்.”

“நீ படிக்காமதான கையெழுத்து போட்ட?”

“பதினோரு வருஷமா படிக்காம நான் எதுலயும் போட்டதில்லங்க. கால்ல விழறேன்னீங்களாம். அதெல்லாம் வாணாம், சாவியக் குடுங்க.”

ஓராண்டில் காஞ்சனா ஆலையின் இறுதிச் சோதனைப் பிரிவுக்குப் பொறுப்பாளரானாள். விடுமுறை நாள்களில், அவளுடைய மஞ்சள் கோடு விழாமல் தாமஸின் ஷெட்டிலிருந்து எந்தக் காரும் வெளியேறுவதில்லை. வீட்டுக் காரை அவளே ஓட்டுகிறாள். புளியோதரைத் தூக்கு, சிவசங்கரின் மடியில்.