எட்டாயிரம் ரூபாய்க் கடைவாய்ப் பல்

பல் டாக்டரிடம் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. வைத்தியத்துக்காக வாயைத் திறப்பவர்கள் ஒரு வகை. பேரம் பேசத் திறப்பவர்கள் இன்னொரு வகை. சித்தூர் மாம்பழக் கூழ் ஆலையில் சூப்பர்வைசராக இருக்கும் கோவர்த்தனன் இரண்டாம் வகையில் தலைசிறந்தவர்.

கடைவாய்ப் பல் குடையத் தொடங்கிய மறுநாளே மனைவி தாட்சாயணியையும் அழைத்துக்கொண்டு டாக்டர் ஷோபாவிடம் ஓடினார். அந்த வேகத்தைப் பார்த்திருந்தால், மனிதர் வைத்தியம் செய்துகொள்ளத்தான் போகிறார் என்று நீங்களும் ஏமாந்திருப்பீர்கள்.

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். "சொத்தை நரம்பு வரைக்கும் போயிருக்கு. ரூட் கேனால் பண்ணி மேல கேப் போட்டா பல்லு பொழைச்சுக்கும். மொத்தம் எட்டாயிரம்."

"புடுங்கிட்டா எவ்ளோ மேடம்?"

"ஐநூறு. காப்பாத்தக்கூடிய பல்லை ஏன் எடுக்கணும்?"

"கேப் இல்லாம பண்ணா?"

"மெல்லும்போது ஒடைஞ்சிடும்."

"நான் அந்தப் பக்கம் துன்னவே மாட்டேன் மேடம். வேணும்னா எழுதிக் குடுக்கறேன்."

டாக்டர் சிரித்தார். கோவர்த்தனன் "கேட்டுக்கினு வரேன்" என்று எழுந்துவிட்டார்.

யாரை? பலமனேர் தக்காளி மண்டியில் இருக்கும் மைத்துனரை, புத்தூர்ச் சகலையை, வாயில் ஒரு பல்கூட மிச்சமில்லாத பக்கத்து வீட்டு வெங்கடசாமியை, திருப்பதி பஸ்ஸில் அடுத்த இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு அப்பாவியை, கடைசியில் திருப்பதியிலேயே இன்னொரு பல் டாக்டரை. அவர் ஏழாயிரத்து ஐந்நூறு என்றார். மிச்சமாகும் ஐந்நூறை பஸ் டிக்கெட்டே தின்றுகொண்டிருந்தது. விட்டாரா? மறுபடி ஷோபாவிடம் வந்தார்.

"திருப்பதியிலயே ஏழரை மேடம். நம்ம ஊரு சித்தூருதானே, ஆறுல முடிங்க."

இப்படியே ஒன்றரை மாதம். ஒருநாள் காலையில் கன்னம் பன் போல வீங்கியிருந்தது. தாட்சாயணிதான் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"இனிமே காப்பாத்த முடியாது. எடுத்துத்தான் ஆகணும்" என்றார் டாக்டர்.

"ஐநூறுதானே?" அந்த வலியிலும் அவர் முகத்தில் சின்ன வெளிச்சம்.

அப்போதுதான் தாட்சாயணி, "மேடம், எனக்கும் வலதுபக்கம் ஒரு வருஷமா வலிக்குது. அப்படியே பாத்துடுங்க" என்றாள்.

கோவர்த்தனன் திகைத்துப்போனார். "ஒரு வருஷமாவா? சொல்லவேயில்லியே!"

"சொன்னா, நீங்க ஊரெல்லாம் விசாரிச்சிக்கினு இருப்பீங்க. என் பல்லாவது வாயிலயே இருக்கட்டும்னுதான்."

ஒரு வருடமாக எதிரே உட்கார்ந்து ஒரே பக்கமாக மென்றவளைத் தான் கவனிக்கவே இல்லை என்பது பல்வலியைவிட ஆழமாகக் குத்தியது. எக்ஸ்ரே பார்த்து டாக்டர் தொகையைச் சொல்ல வாயெடுத்ததும் அவர் குறுக்கிட்டார்: "எவ்ளோன்னு சொல்லாதீங்க மேடம். சொன்னா கொறைச்சுக் கேட்டுடுவேன். பண்ணிடுங்க."

தாட்சாயணியின் பல் பிழைத்தது. அவருடையது போயிற்று. இப்போது ஆலையில் யாராவது கன்னத்தைப் பிடித்தால், "உடனே போயிடு" என்று விரட்டுகிறார்.

பாவம், என்ன மனிதர் என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதைப் படிக்கும்போதே உங்கள் நாக்கு நைசாகப் பின்பக்கம் போய், ஒரு பல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்ததே, நான் கவனிக்கவில்லை என்றா நினைத்தீர்கள்?