பத்தொன்பதாவது மாடியில் கோளாறு

குதிக்கிற பொத்தான் கையோடு வந்துவிட்டது.

லிஃப்ட் மெக்கானிக் அதை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். நாற்பது வருஷத்துக்கு முந்தைய வீட்டுக் கம்ப்யூட்டரின் பொத்தான் அது. கம்ப்யூட்டரைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி, பழைய குண்டு டிவி ஒன்றைத் தேடிப்பிடித்து இணைத்து, கேசட்டைப் போட்டு ஆறு நிமிஷம் அதன் கிறீச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு காத்திருந்தால்தான் விளையாட்டே வரும். திரையில் அவருடைய காவல்காரன் பன்னிரண்டாவது மாடியில் ஓர் அலாரம் கடிகாரத்தின் மேல் மோதி மல்லாந்து கிடந்தான்.

இருபது மாடி மணிக்கூண்டு. மாடிக்கு ஐந்து சாவி. நடமாடும் கடிகாரங்களைத் தாண்டி, காலடியில் கரைகிற பலகைகளில் குதித்து, சாவிகளைப் பொறுக்கினால் அடுத்த மாடிக்குக் கதவு திறக்கும். மூன்றே மூன்று உயிர்.

சிறுவயதில் அவர் ஏழாவது மாடியைத் தாண்டியதில்லை. அக்கா பன்னிரண்டு வயதிலேயே உச்சிக்குப் போய் மணி அடித்துவிட்டாள். அன்று வீட்டில் யாரும் இல்லை. அதனால் என்ன, அதற்குப் பிறகு அவள் சொல்லாத ஆள் இல்லை. தலைமையாசிரியை ஆன பின்பு பள்ளி ஆண்டுவிழாவிலேயே சொல்ல ஆரம்பித்தாள். விடாமுயற்சிக்கு உதாரணம் அவள். பாதியில் விடுவதற்கு உதாரணம் தம்பி. போன மாதம், நடுவழியில் நின்ற லிஃப்டிலிருந்து அவர் மீட்டுவிட்ட, அக்காவின் பள்ளியில் படித்த ஒரு பெண், நன்றி சொல்வதற்குப் பதிலாக அக்கா ஜாடையுள்ள அவர் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "ஏழாவது மாடித் தம்பி நீங்கதானா சார்?" என்று கேட்டாள்.

அன்றுதான் பரணில் ஏறினார்.

அக்காவும் அத்தானும் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட வருகிறார்கள். அதற்குள் மணி அடித்தாக வேண்டும். இன்று சனிக்கிழமை.

பொத்தான் போனால் என்ன? அவர் தொழிலில் பொத்தானுக்கா பஞ்சம்? கருவிப் பையிலிருந்து லிஃப்டின் சிவப்பு அபாயப் பொத்தான் ஒன்றை எடுத்து, இரண்டு ஒயரைப் பற்றவைத்தார். காவல்காரன் அருமையாகக் குதித்தான். ஆனால் அது பதற்றத்தில் ஓங்கிக் குத்துவதற்காகச் செய்த பொத்தான். அரை மணி நேரத்தில் கட்டைவிரல் வீங்கிவிட்டது. ஆகவே அதைத் தரையில் வைத்துக் காலால் மிதித்தார். விரல் பிழைத்தது. கீழ்வீட்டுக்காரரின் கூரைதான் பிழைக்கவில்லை. அவர் காரைத் துண்டு ஒன்றைக் கையில் ஏந்தி மேலே வந்து, வீட்டில் யாராவது நடனம் கற்றுக்கொள்கிறார்களா என்று மரியாதையாகவே விசாரித்தார்.

மெக்கானிக் அடியில் தலையணை வைத்தார். பொத்தான் சாய்ந்தது, காவல்காரன் குழியில் விழுந்தான். தலையணையை எடுத்தார், கீழ்வீட்டுக்காரர் மறுபடி வந்தார்.

ஞாயிறு காலை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனார். எட்டு மாடிக் கட்டடம். அதன் லிஃப்ட் அவர் பொறுப்பு. மோட்டார் அறைச் சாவியும் அவரிடம்தான். அங்கே எவ்வளவு மிதித்தாலும் கேட்பாரில்லை. பதினொன்றாவது மாடியில் நான்காவது சாவியை எடுக்கும்போது கீழே யாரோ லிஃப்டைக் கூப்பிட்டார்கள். மோட்டார் உறுமியது, விளக்கு மங்கியது, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் மறந்துவிட்டு வெறும் திரையைக் காட்டியது. மறுபடி கேசட், மறுபடி ஆறு நிமிஷம். காவல்காரன் எட்டாவது மாடியை எட்டியபோது மறுபடி யாரோ லிஃப்டைக் கூப்பிட்டார்கள்.

முப்பது வருஷத்தில் செய்யாத காரியத்தை அப்போது செய்தார். லிஃப்டை நிறுத்தினார். 'பராமரிப்பு நடைபெறுகிறது' என்ற பலகையை மாட்டிவிட்டு வீட்டில் எட்டிப் பார்த்தார். நர்ஸ் வேலை முடிந்து அப்போதுதான் படியேறி வந்திருந்த மனைவி, நாற்காலியில் சாய்ந்து காலை நீவிக்கொண்டிருந்தாள்.

"லிஃப்ட் நின்னா ஊரே உங்களைக் கூப்பிடுது. உங்களுக்கு மரை கழண்டா நான் யாரைக் கூப்பிடறது?" என்றாள்.

அவருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மேலே போனார்.

பதினொரு மணிக்குப் பதினான்காவது மாடி. அங்கே மட்டும் ஐந்து தடவை செத்து, உயிர் தீர்ந்து இரண்டு தடவை கேசட்டை மறுபடி போட்டு, ஒருவழியாக ரகசியம் பிடிபட்டது: குதிக்கக் கூடாது, பலகை கரையும்வரை அசையாமல் நின்று, அதோடு கீழே விழ வேண்டும். அதன்பின் வேகம் பிடித்தது. பதினாறு. பதினெட்டு. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மீதி ஓர் உயிர்.

கதவு தட்டப்பட்டது. குடியிருப்போர் சங்கச் செயலாளர், எட்டு மாடி ஏறிய மூச்சோடு, எவ்வளவு நேரம் ஆகும் என்று வெளியிலிருந்தே கேட்டார்.

"கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு சார். ஒரே ஒரு இடம்தான் படுத்துது."

"எந்த மாடியில?"

"பத்தொன்பதாவது மாடியில."

வெளியே செயலாளர் முணுமுணுத்து எண்ணுவது கேட்டது.

"நம்ம கட்டடத்துல எட்டுதானேப்பா?"

மெக்கானிக்கின் கண் திரையை விட்டு நகரவில்லை. கடைசிச் சாவி, கடைசிப் பலகை. மிதித்தார். கதவு திறந்தது. இருபதாவது மாடியில் கடிகாரம் எதுவும் இல்லை. ஒரு கயிறு மட்டும் தொங்கியது. காவல்காரன் அதைப் பிடித்து இழுத்தான். கம்ப்யூட்டர் கீச்சுக் குரலில் பன்னிரண்டு முறை மணி அடித்தது. திரை முழுக்கப் பொன்னிறமானது. ஐம்பத்தொரு வயது மனிதர் தரையில் உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, செல்போனில் மூன்று முறை படம் எடுத்தார்.

லிஃப்டை ஓடவிடத் திரும்பியபோது மோட்டார் அறை வாசலில் அத்தான் நின்றார். படியேறியே வந்திருந்தார், வேர்வை சொட்டியது. மூச்சு வாங்க, அக்கா ஏற மாட்டேன் என்று கீழேயே உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னார். மெக்கானிக் திரையைக் காட்டினார்.

அத்தான் அந்தப் பொன்னிறத் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்ப் படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தி, குரலைத் தணித்தார்.

"மாப்ளே, அந்தப் பதினாலாவது மாடியத் தாண்டுற வழிய மட்டும் ஒரு தாள்ல எழுதிக் குடுங்க, உங்க அக்கா இதே மாதிரி ஒரு பழைய கம்ப்யூட்டர வாங்கி வச்சுக்கிட்டு, ஆறு வருஷமா லீவு நாள்னா கதவச் சாத்திக்கிட்டு அங்கயேதான் விழுந்துக்கிட்டிருக்கா."