இருபத்தேழு துண்டுகள் பழவேற்காடு போன விவரம்

பொன்னேரி,
14-7-1955, வியாழக்கிழமை.

அன்புள்ள மச்சான் அப்துல் வஹாப் அவர்களுக்கு, உமர் பாரூக் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே சிறியவர் பெரியவர் எல்லோரும் சுகம். பினாங்கில் தங்கள் உடம்பும் வியாபாரமும் நன்றாயிருக்க ஐந்து வேளையும் துஆச் செய்கிறோம்.

இன்று காலை ஏழேகால் மணி வரை உறுதியான செய்தி இது: செவ்வாய்க்கிழமை பொன்னேரி ஸ்டேஷனிலிருந்து பஸ்ஸில் சென்ற துண்டுகள் இருபத்தேழும் பழவேற்காட்டில் தங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. துவைத்தும் ஆயிற்று. சொன்னவர் கண்டக்டர் சுப்பராயன். தங்கை குல்சும் சீட்டு எழுதி அனுப்பி உறுதி செய்திருக்கிறாள். துண்டுக்கு உரியவர்கள் ஏன் கூடப் போகவில்லை என்று கேட்பீர்கள். தங்கள் மகள் ஆரிபாவைப் பெண் பார்க்க அன்றைக்கு வந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்றும் கேட்பீர்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். முப்பது வருடம் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியவன் ஆகையால் நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். நடுவில் கோபம் வந்தால் கடிதத்தைக் கீழே வைத்து, கொஞ்சம் தண்ணீர் குடித்து, மறுபடி எடுக்கவும்.

தாங்கள் கப்பலேறிய வருடம் ஸ்டேஷனுக்கு எதிரில் நெல் வயல் இருந்தது. இப்போது டீக்கடை மூன்று, வாடகைச் சைக்கிள் கடை இரண்டு, ஒரு சலூன், ஒரு போட்டோ ஸ்டூடியோ. சலூனில் முடி வெட்டிக்கொண்டு அடுத்த கதவில் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். நாகரிகத்துக்குக் குறைவில்லை, ரயிலிலிருந்து இறங்குகிறவன் நிற்பதற்குத்தான் நிழல் இல்லை. பழவேற்காட்டு ரோட்டில் பாதிக்குத் தார் போட்டிருக்கிறார்கள். எந்தப் பாதி என்று வண்டி ஓட்டுகிறவர்களுக்கே தெரியாது. சோழவரத்தில் பழைய விமான தளத்தில் மோட்டார் பந்தயம் விடுகிறார்கள். கார்கள் மணிக்கு எண்பது மைல் வேகத்தில் சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேருகின்றன. நம் பஸ் பத்து மைல் வேகத்தில் அதையே செய்கிறது, கோப்பை கொடுக்கத்தான் ஆள் இல்லை.

அந்த பஸ் முதலாளி ஆதிநாராயணனுடையது. இருபத்தேழு சீட்டு. காலை எட்டு நாற்பது ரயிலில் இறங்கி பழவேற்காடு போகிறவர்கள் எப்போதும் அதற்கு மேல். ஆகையால் ஊரில் ஒரு ஏற்பாடு உண்டாயிற்று. அடிக்கடி போகிறவர்கள் ஆளுக்கொரு துண்டை டீக்கடை முத்தம்மாவிடம் கொடுத்து வைத்திருப்பார்கள். பஸ் வந்து நின்றதும் முத்தம்மா ஒவ்வொரு சீட்டிலும் ஒரு துண்டைப் போட்டுவிடுவார். ரயிலிலிருந்து இறங்குகிறவர் அவசரப்படாமல் டீ குடித்துவிட்டு வந்து தம் துண்டின் மேல் உட்காருவார். டீ முத்தம்மா கடையில்தான் குடிக்க வேண்டும் என்பது ஏற்பாட்டின் உயிர்நாடி. போன மாதம் வெளியூர்க்காரர் ஒருவர் ஒரு துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்து, அடிதடி ஆகி, பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "துண்டு இருந்தால் ஆள் இருக்கிற மாதிரி, அதைத் தொடக்கூடாது" என்று தீர்ப்பாயிற்று. அந்தத் தீர்ப்பைச் சொன்னவன் நான்தான். பத்திரிகையில் அரைப் பத்தி எழுதியவனும் நான்தான். இதை மறைத்தால் செய்தி முழுமையாகாது.

இந்த மாதம் முதல் தேதி, போட்டிக்கு இன்னொரு பஸ் வந்தது. நீலக் கலர், புது ஹாரன். ஆதிநாராயணன் கலங்கிப்போய் டிரைவர் சின்னராசுவையும் சுப்பராயனையும் கூப்பிட்டு, "ரயிலுக்காக நிக்காதே, யாருக்காகவும் நிக்காதே, சீட்டு ரொம்பிச்சா எடு" என்று உத்தரவு போட்டார். ஊர்த் தீர்ப்பு ஒன்று, முதலாளி உத்தரவு ஒன்று. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நியாயமானவை. இரண்டையும் ஒரே ஆள் கையில் கொடுக்கலாமா என்று யாரும் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மாப்பிள்ளை வீட்டார் மூன்று பேர் மண்ணடியிலிருந்து வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையின் தாயார் நசீரா, அவருடைய அண்ணன், மாப்பிள்ளை ஹனீப். ஹனீப் பைகளைத் தூக்கத்தான் வந்தார். தாயார் பெண்ணைப் பார்த்து வந்து சொல்கிற வரை தெருக்கோடிப் பள்ளிவாசலில் உட்கார்ந்திருப்பதாகப் பேச்சு. நான் எட்டு மணிக்கே போய் அவர்களுக்கு மூன்று, எனக்கு ஒன்று என நாலு புதுத் துண்டுகளை முன்வரிசையில் என் கையாலேயே விரித்தேன். மீதி இருபத்துமூன்றையும் முத்தம்மா விரித்தார். பிறகு பிளாட்பாரத்துக்குப் போய் நின்றேன். ரயில் முப்பத்தைந்து நிமிஷம் தாமதம், பஸ் கிளம்புகிற ஒன்பதேகால் மணிக்குத்தான் வந்தது.

ரயில் வந்து, நசீரா அம்மாளுக்கு ஸலாம் சொல்லி, ஒரு பையை வாங்கிக்கொண்டு வெளியே வருகிறோம். எங்கள் கண்ணெதிரே பஸ் கிளம்புது மச்சான்! உள்ளே ஒரு தலை இல்லை. ஜன்னலுக்கு ஜன்னல் துண்டு மட்டும் காற்றில் ஆடிக்கினு போவுது. நசீரா அம்மாள், "ஹனீப், ஓடு! வண்டிய நிறுத்து!" என்றார். தம்பி நல்ல ஓட்டக்காரர். ஓடிப் பின்படியில் தொற்றிக்கொண்டு, நிறுத்தச் சொல்லி வண்டியின் பக்கவாட்டுத் தகரத்தில் கையால் தட்டினார். பட்டணத்துப் பிள்ளை, எங்கள் பஸ்ஸின் பாஷை தெரியாது. ஒரு தட்டு தட்டினால் நில் என்று அர்த்தம். இரண்டு தட்டினால் போ. அவர் பதற்றத்தில் இரண்டிரண்டாகத் தட்டினார். சின்னராசு கீழ்ப்படிந்து வேகத்தைக் கூட்டினார். நானும் மற்ற இருபத்தைந்து பேரும் புழுதியில் நின்றோம்.

முத்தம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து, "துண்டு ஆளுன்னு நீதானே சாமி பேப்பர்ல போட்டே? ஆளுங்க போயிட்டாங்க. நீங்கல்லாம் யாரு?" என்றார். நீல பஸ் அன்றைக்குப் பார்த்து டயர் வெடித்து வரவில்லை. ஜட்கா வண்டி பச்சையப்பனைக் கூப்பிட்டால், "பழவேற்காட்டு மணலப் பாத்தாலே குதிர பேஜாராவுது பாய், நான் சொன்னா கேக்காது" என்று குதிரையின் மேல் பழியைப் போட்டார். நசீரா அம்மாளின் அண்ணன் மட்டும், "பட்டணத்துல டிராமையே எடுத்துட்டாங்க, இங்க பஸ்ஸாவது ஓடுதே" என்று ஆறுதல் சொன்னார். நசீரா அம்மாள் பார்த்த பார்வையில் அவர் டீ சொல்லப் போய்விட்டார். பஸ் பழவேற்காடு போய்த் திரும்புகிற வரை இரண்டரை மணி நேரம் முத்தம்மா கடைப் பலகையில் உட்கார்ந்திருந்தோம்.

இனி வருவது நான் நேரில் கண்டதல்ல. ஹனீப் ஆரிபாவிடம் சொல்லி, ஆரிபா குல்சுமிடம் சொல்லி, குல்சும் என்னிடம் சொன்னது. சுப்பராயனிடமும் கேட்டுச் சரிபார்த்தேன். ஹனீப் உள்ளே ஏறி ஒரு சீட்டில் உட்காரப் போனாராம். சுப்பராயன், "சார், துண்டு கீது பாரு. ஆளு கீறாங்க. நின்னுகினு வா," என்றாராம். தம்பி பதினோரு மைலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போயிருக்கிறார். வழியில் ஊருக்கு ஊர் கை காட்டினவர்களிடம் சுப்பராயன் தலையை நீட்டி, "சீட்டு இல்லே, சீட்டு இல்லே," என்று சொல்லிக்கினே வந்தாராம். பழவேற்காட்டில் நிறுத்தின பிறகுதான் இறங்க ஆள் இல்லை என்பது அவருக்கு உறைத்திருக்கிறது. "நீ உமர் பாய் தங்கச்சி ஊட்டுக்குத்தானே போற? இதையும் எடுத்துகினு போ. பாய்தான் இதுக்கெல்லாம் ஜவாப்பு," என்று இருபத்தேழையும் தம்பி கையில் அடுக்கிவிட்டார்.

பள்ளிவாசலில் போய் உட்கார வேண்டிய பிள்ளை, துண்டைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று தங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். முகத்தை மறைக்கிற அளவுக்குத் துண்டு. கதவைத் திறந்தது ஆரிபா.

"ஜவுளியா? இன்னிக்கு ஒண்ணும் வேணாம். ஊட்டுக்கு விருந்தாளிங்க வராங்க. நாளைக்கு வா."

"நான்தாங்க விருந்தாளி."

"இன்னாது! எல்லாம் பழைய துண்டா கீது?"

"பஸ்ஸுல எடம் புடிச்ச துண்டுங்க."

"எடம் புடிச்ச ஆளுங்க எங்க?"

"பொன்னேரில நிக்கிறாங்க."

"நீங்க மட்டும் எப்படி வந்தீங்க?"

"நானும் நின்னுகினுதான் வந்தேன்."

"பஸ்ஸுல அவ்ளோ கூட்டமா?"

"இல்லீங்க. காலியாத்தான் இருந்திச்சு."

"காலி பஸ்ஸுல இன்னாத்துக்கு நின்னீங்க?"

"கண்டக்டர் ஒக்காரக் கூடாதுன்னாரு."

ஆரிபா சிரித்த சிரிப்பில், சமையலறையிலிருந்த குல்சும் கரண்டியோடு ஓடி வந்தாளாம். வந்த பிள்ளையை வாசலிலேயே நிறுத்த முடியுமா? உள்ளே உட்காரவைத்து நாஷ்டா கொடுத்திருக்கிறாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. நசீரா அம்மாள் உள்ளே நுழைகிறார். மகன் பாயில் உட்கார்ந்து மூன்றாவது கிண்ணம் ஆட்டுக்கால் பாயாவைக் குடித்துக்கொண்டிருக்கிறார். திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆரிபா, "இதையாவது ஒக்காந்து சாப்பிடுங்க, கண்டக்டர் இல்ல," என்கிறாள். நசீரா அம்மாள் அப்படியே நின்றுவிட்டார். "நான் பாத்து வந்து இவனுக்குச் சொல்லணும். இவன் பாத்துட்டு எனக்குச் சொல்லுவானா? எங்க குடும்பத்துல இப்படி நடந்ததே இல்ல," என்றார். பிரியாணியைத் தொட்டார், சாப்பிடவில்லை. ஆரிபாவை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். ஹனீபைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு, "ஊருக்குப் போய் எழுதுறேன்," என்று கிளம்பிவிட்டார். ஆரிபா அன்றைக்கு முழுக்கச் சிரிக்கவே இல்லை. நேற்று குல்சுமிடம், "நான் சிரிச்சதாலதானேம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் மனசு சரியில்லை மச்சான்.

எழுதுகிறேன் என்று சொன்னவர்கள் எழுதினதாக என் முப்பது வருட அனுபவத்தில் இல்லை. ஆகவே என் யோசனைகள்: இந்த இடத்தை மறந்துவிடவும், பினாங்கிலேயே நம்மவர்களில் ஒரு நல்ல பிள்ளையாகப் பார்க்கவும், அங்கிருந்து கப்பலில் வருவதால் துண்டு போடுகிற தொல்லை இராது. ஆதிநாராயணன் பஸ்ஸின் லைசென்ஸை ரத்து செய்யும்படி கலெக்டருக்கு மூன்று பக்கம் மனு எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். உயிர் உள்ளவரை அந்த பஸ்ஸில் கால் வைக்கமாட்டேன். என் தீர்ப்பையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன். துண்டு துண்டுதான், ஆள் ஆள்தான்.

இங்குள்ள அனைவரும் தங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னார்கள். அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளும், இதைப் படித்து முடித்த பிறகு நல்ல தூக்கமும் கொடுப்பானாக.

தங்கள் அன்புள்ள மச்சான்,
உமர் பாரூக்

பின்குறிப்பு: அதே நாள், மாலை நாலரை மணி. மேலே கண்ட யோசனைகள் எல்லாவற்றையும் தயவுசெய்து அடித்துவிடவும். நசீரா அம்மாள் பகல் ரயிலில் அண்ணனோடு வந்து, என்னைக் கூட்டிக்கொண்டு நேரே தங்கள் வீட்டுக்குப் போனார். அதே பஸ்ஸில்தான் போனோம், காலை வைத்தேன். குல்சுமிடம் அவர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து தருகிறேன்: "காலி பஸ்ஸுல எவனோ சொன்னான்னு பதினோரு மைல் நின்னுகினு வந்திருக்கான் எம் புள்ள. இன்னாத்துக்கு நின்னேன்னு கேக்க எனக்குக் கூடத் தோணல. ஒம் பொண்ணு கதவத் தொறந்ததும் கேட்டிச்சு. நான் எத்தினி நாளைக்கு அவனுக்காகக் கேட்டுகினு இருப்பேன்? இனிமே இது கேக்கட்டும்." ஆரிபா உள்ளேயிருந்து சிரித்தாள். இதை நானே கேட்டேன். சம்பந்தம் முடிவாகி, வெற்றிலை பாக்கு மாற்றியாயிற்று. கலெக்டர் மனுவைக் கிழித்துவிட்டேன், ஏனென்றால் மாப்பிள்ளை வீட்டார் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்கள்: நிக்காஹுக்கு இருபத்தேழு பேர் வருவார்களாம், ஸ்டேஷனிலிருந்து அந்த பஸ்ஸிலேயேதான் வருவார்களாம், எல்லோரும் உட்கார்ந்தே வருவார்களாம். தேதி, தாங்கள் கப்பலேறும் நாளைத் தந்தியில் தெரிவித்ததும் குறிக்கப்படும். முழு பஸ்ஸும் கிடைக்குமா என்று ஆதிநாராயணனைக் கேட்டேன். சுப்பராயனைக் கலந்துகொண்டு சனிக்கிழமை பதினோரு மணிக்குள் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.