கொலைக்கு இடம் பார்த்த பன்னிரண்டு நாட்கள்

செஞ்சி,
செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை ஸ்ரேயாம்ஸ் அவர்களுக்கு,

தர்மதாஸ் எழுதுவது. இங்கே நானும் மருதேவியும், என் முழங்கால்கள் நீங்கலாக, நலம். வந்தவாசியில் நீங்களும் தங்கையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் உங்கள் மகள் அனந்தி காதில் விழும், வீடு சின்னது. அதனால்தான் கடிதம்.

"மாமா, செஞ்சியில ஒருத்தரக் கொல்லணும்னா எங்க வெச்சிக் கொல்லலாம்?"

பன்னிரண்டு நாளைக்கு முன் அனந்தி என்னிடம் கேட்ட கேள்வி இது. கேட்ட இடம் டவுன் பஸ். முன்சீட்டுக்காரர் எழுந்து போய் டிரைவர் பக்கத்தில் நின்றுகொண்டார். பிறகுதான் விவரம் சொன்னாள். கல்லூரியில் சினிமாப் படிப்பு இரண்டாம் வருஷம் முடிவதற்குள் பதினோரு நிமிடத் திகில் படம் ஒன்று எடுத்துத் தர வேண்டுமாம். ஊருக்கு வரும் சர்வேயர் ஒருவரை யாரோ கொன்றுவிடுகிறார்கள், யார் என்பது கடைசியில்தான் தெரியும், அவ்வளவுதான் கதை. அன்றைக்கே நீங்களும் போன் செய்து, "மச்சான், கூட இருந்து பாருங்க. இவளுக்கு இது வரும்னா சொல்லுங்க. வராதுன்னா மூணாம் வருஷம் வேணாம், கடையில உக்கார வெச்சிடறேன்" என்றீர்கள். என் வார்த்தையை நம்பிக் கேட்டீர்கள். உள்ளதை எழுதுகிறேன்.

இடம் பார்க்கும் பொறுப்பை நானே ஏற்றுக்கொண்டேன், அதுதான் முதல் தப்பு. முப்பத்துநான்கு வருஷம் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனவன் நான். ஒரு இடத்துக்குப் போனால் நிழல் இருக்கா, குடிதண்ணீர் இருக்கா, கழிப்பறை இருக்கா, எவனும் தவறி விழாமல் இருப்பானா என்றுதான் என் கண் பார்க்கும். அப்படிப் பார்த்துத்தான் கோட்டை அடிவாரத்தில் கல்யாண மகால் பக்கத்துப் புல்தரையைக் காட்டினேன். அங்கே நாலு குடும்பம் புளிசாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அனந்தி மலையுச்சியைக் காட்டினாள். அங்கே கைப்பிடிச் சுவர் சரியில்லை, யாராவது விழுந்துவிடுவார்கள் என்றேன். "மாமா, விழணும். அதுக்குத்தான் இடம் தேடறோம்" என்றாள். அது போகட்டும், கோட்டையில் கேமரா வைக்க அனுமதிக்கு எழுதிப்போட்டுக் காத்திருக்க வேண்டுமாம், அவளுக்கு நாள் இல்லை. தளவானூர் குகைக்குப் போனோம். போகிற பஸ்ஸில் நின்றுகொண்டு போனோம், வருகிற பஸ் வரவேயில்லை. அடுத்த நாள் சிங்கவரம். கொலைகாரன் பதுங்கி வர நல்ல வெளி என்று வேர்க்கடலை நிலத்தைக் காட்டினேன். களை எடுத்துக்கொண்டிருந்த வள்ளியம்மாள் என் பழைய மாணவி. நிமிர்ந்து பார்த்து, "இன்னா சார், இந்த மல்லாட்டக் கொடியில முயல் ஒளிஞ்சாலே முதுகு தெரியும், கொலகாரன் எங்க ஒளிவான்?" என்றாள். ஏழாம் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை.

இதற்கு நடுவில், படத்துக்குப் பின்னணியில் கதை சொல்லும் குரலும் என்னுடையதுதான் என்றாள். பதினான்கு பக்கம் எழுதினேன். முதல் வரி: 'சர்வேயரைக் கொன்றவர் யார் என்பதையும் அதற்கான மூன்று காரணங்களையும் இப்படத்தில் காண்போம்.' பாடத்தை அப்படித்தானே ஆரம்பிப்போம்? அனந்தி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். சமையல் குறிப்பில் முதலில் பதார்த்தத்தின் பேரைப் போடுவதில்லையா என்று உதாரணம் சொன்னேன். எடுபடவில்லை. எல்லாவற்றையும் அடித்துவிட்டு, சீதோஷ்ணம் பற்றி நான் எழுதிய ஒரே வரியை மட்டும் வைத்துக்கொண்டாள்: 'அவர் வந்த அன்று மழை இல்லை.'

எட்டாம் நாள் களைத்துப்போய் வந்து உட்கார்ந்தோம். நம் சமண வீட்டு வழக்கப்படி இருட்டுவதற்கு முன்னே மருதேவி தட்டு வைத்தாள். மேற்கு ஜன்னல் வெயில் அவள் கைமேல் விழுந்தது. அனந்தி சாப்பிடாமல் அதையே பார்த்தாள். இடம் கிடைச்சிடுச்சு என்றாள். கதையும் மாறியது: சர்வேயர் சாப்பிடும் மெஸ் இது, கொல்வது மெஸ்காரம்மா. அதாவது உங்கள் அக்கா மருதேவி. எறும்பைக் காகிதத்தில் ஏந்திக் கொண்டுபோய் வாசலில் விடுகிறவள். அன்று ராத்திரி முழுக்க மாட்டேன் என்றாள். பிறகு, கத்தி கூடாது, ரத்தம் கூடாது, சாகப்போகிறவரிடம் முதலில் மன்னிப்புக் கேட்பேன் என்று மூன்று நிபந்தனை போட்டாள். வருஷத்துக்கு ஒருமுறை நாம் எல்லாரிடமும் கேட்கிற மன்னிப்பை, இவள் ஒவ்வொரு டேக்குக்கும் கைகூப்பிக் கேட்டாள். "தெரிஞ்சும் தெரியாமயும் செஞ்சத மன்னிச்சிடுங்க" என்பாள், பிறகு கதைப்படி விஷம் கலந்த இட்லியை வைப்பாள். சர்வேயராக நடித்தவர் எதிர்வீட்டுத் தாண்டவராயன், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அந்த மனுஷன் சாகவே மாட்டேன் என்கிறார். ஒவ்வொரு தடவையும் தட்டைக் காலி செய்துவிட்டுச் சட்னி கேட்கிறார். அனந்தி கெஞ்சினால், "இத சாப்டுட்டு எவனாச்சும் சாவானாம்மா?" என்கிறார். அதற்குள் இருட்டிவிடும். இருட்டினால் நம் வீட்டில் அடுப்பு கிடையாது. மறுநாள் மறுபடியும் இட்லி, மறுபடியும் மன்னிப்பு. இப்படி நாலு நாள். எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு மாப்பிள்ளை. கடைசியில் அந்த மன்னிப்பை வெட்டுவாள் என்று பார்த்தால், அதை மட்டும் வெட்டமாட்டாளாம்.

ஆகவே என் அபிப்பிராயம்: அனந்தி நல்ல பெண், உழைக்கிறாள், ஆனால் பெரியவர் சொல்லைக் கேட்பதில்லை, வெட்ட வேண்டியதை வைக்கிறாள், வைக்க வேண்டியதை வெட்டுகிறாள். கடையிலேயே உட்காரட்டும். வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

தங்கைக்கு என் ஆசிகள். உங்கள் குடும்பத்தில் எந்த உயிருக்கும் எந்தக் குறையும் வராமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தர்மதாஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகையில், படம் முடிந்தது என்று அனந்தி கூப்பிட்டாள். மணி நாலரை. தாண்டவராயனையும் சேர்த்து நாலு பேர் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். முடிந்தபின் மருதேவி உள்ளே போய், நடித்துக் கொடுத்தவராயிற்றே என்று, தாண்டவராயனுக்கு ஒரு தட்டில் இட்லி கொண்டுவந்தாள். அவர் தட்டைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "வேணாம் அண்ணி, ஊட்ல சாப்ட்டேன்" என்று என் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கதவோரம் நின்ற உங்கள் மகள் சத்தமில்லாமல் சிரித்தாள். மேலே எழுதியதை அடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. மூன்றாம் வருஷம் அவள் படிக்கட்டும். வெள்ளிக்கிழமை அவள் அங்கே வந்ததும், கடையை மூடிவிட்டு அவள் பக்கத்தில் பதினோரு நிமிடம் உட்கார்ந்து படத்தைப் பாருங்கள், முடிகிறவரை ஒன்றும் சொல்லாதீர்கள்.