பதினாலு பிள்ளைகள் குறைந்த ஆராய்ச்சி

ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டு ஆராய்ச்சிக்காரி திரும்பிப் பார்த்தாள். மழலையர் வகுப்பில் ஒரு பிள்ளைகூட இல்லை.

காலையில் வந்தவர்கள் பதினாலு பேர். இப்போது பாதி கட்டிய மரக்கட்டைக் கோபுரம் இருந்தது. பாயின் நடுவே ஒற்றைச் செருப்பு ஒன்று கிடந்தது. அவ்வளவுதான்.

அவளுடைய பட்டமே இந்தப் பிள்ளைகள் கையில்தான் இருந்தது. பாடம் நடத்தாமல் விளையாட விட்டாலே எண்கள் தானாக மண்டையில் ஏறும் என்று அவள் நிரூபிக்க வேண்டும். ஒரு மாதமாக விளையாட விட்டாகிவிட்டது. "பத்துக்கு அப்புறம் என்ன கண்ணு?" என்று கேட்டால் ஒருவன் "பசிக்குது" என்பான். முன்பல் விழுந்த பொக்கைவாய்ச்சி ஒருத்தி உண்டு. அவள் வாயையே திறக்க மாட்டாள்.

பொறுத்துப் பார்த்த பேராசிரியர் இப்போதுதான் ஃபோனில் முடிவாகச் சொன்னார். "இன்னிக்கு நானே நேர்ல வர்றேன். ஒரு புள்ளையாவது இருபது வரைக்கும் சொல்லணும். இல்லேன்னா பட்டத்த மறந்துடும்மா."

இருபதெல்லாம் அப்புறம், முதலில் ஒரு பிள்ளை கிடைத்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"கண்ணுங்களா... செல்லங்களா..."

பெயிண்ட் கிண்ணங்களைக் கழுவி எடுத்துக்கொண்டு டீச்சர் உள்ளே வந்தார். "எங்க புள்ளைங்க?"

"சுதந்திரமா விளையாடுறாங்க டீச்சர்."

"அதான் எங்க?"

"சுதந்திரமாச்சே டீச்சர். எங்கன்னு சொல்லிட்டுப் போகல."

டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். நேரே போய்ச் சாப்பாட்டு மணியை அடித்தார். அந்த மணி கேட்டால் அழுகிற பிள்ளைகூட அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடி வரும். இன்று யாரும் வரவில்லை.

"அடி பின்னிடுவேன்! மரியாதையா எல்லாரும் வந்துடுங்க!"

"மிரட்டக் கூடாது டீச்சர். எங்க ஆராய்ச்சி முறையில அது தப்பு."

"அம்மா தாயே, மொதல்ல புள்ளைங்களக் கண்டுபுடி. அப்புறம் சேர்ந்து கொஞ்சலாம்."

இருவரும் கழிப்பறை, மணல்தொட்டி, மொட்டை மாடி என்று ஓடினார்கள். வகுப்பறையை மட்டும் தேடவில்லை. அதுதான் காலியாக இருக்கிறதே. கடைசியில் வாட்ச்மேனைப் பிடித்தார்கள்.

"ஒரு ஈ காக்கா வெளிய போகலம்மா," என்றார் அவர்.

"ஈ காக்காவ யாருய்யா கேட்டா? பதினாலு புள்ளைங்களக் காணோம்!"

பழி தன் தலையில் விழுமோ என்று பயந்து வாட்ச்மேன் தெருவில் இறங்கித் தேடினார். தேடியதோடு விட்டிருக்கலாம். எதிரே வந்தவர்களை எல்லாம் நிறுத்தி விசாரித்தார். அவர்களில் இரண்டு பேர் அம்மாக்கள். சற்று நேரத்தில் வாசலில் கூட்டம் கூடிவிட்டது.

ஆராய்ச்சிக்காரி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "யாரும் பதறாதீங்க! எல்லாம் ஒரு விளையாட்டுதான்!"

"என் புள்ள உனக்கு வெளயாட்டாப் போச்சா?" என்று ஒரு அம்மா கேட்டைப் பிடித்து உலுக்கினார். கேட் பழசு. ஒரு பக்கம் கையோடு வந்துவிட்டது.

திறந்த அந்தப் பக்கமாகத்தான் பேராசிரியர் உள்ளே வந்தார். வகுப்பறையில் ஒரு குட்டி நாற்காலியில் சிரமப்பட்டு உட்கார்ந்தார். காலியான பாயைப் பார்த்தார்.

"ஆராய்ச்சியில ரெண்டு புள்ளைங்க கொறையலாம்மா. மொத்தமும் கொறையக் கூடாது."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. ஓவென்று அழுதுவிட்டாள். "பட்டமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் சார். புள்ளைங்க நல்லபடியா கெடச்சா அதுவே போதும்."

"அழாத. நான் சொல்லிக்குடுத்த முறைப்படிதான செஞ்ச?"

"அச்சு அசலா அப்படியேதான் சார். நான் இங்க இருக்கறதையே புள்ளைங்க மறக்கணும்னு சுவரப் பாத்து நின்னு, கண்ண மூடி, நம்பர் மட்டும் காதுல விழட்டும்னு வாய்விட்டு மெதுவா எண்ணிக்கிட்டே இருந்தேன். பாதியில உங்க ஃபோன் வந்துச்சு."

பேராசிரியர் பெருமூச்சு விட்டு, போலீசைக் கூப்பிட ஃபோனை எடுத்தார். அப்போது அவருக்குப் பின்னால் இருந்த பாய்களை வைக்கும் பெரிய அலமாரியின் கதவு ஒரு சாண் திறந்தது. பொக்கைவாய்ச்சி தலையை நீட்டினாள். அவளுக்கு மகா கோபம்.

"எவ்ளோ நேரம் ஆன்டி ஒளிஞ்சிருக்கறது? முப்பத்தேழோட நிறுத்திட்டீங்க! முப்பத்தெட்டு, முப்பத்தொம்போது, நாப்பது, நாப்பத்தொண்ணு... அம்பது வரைக்கும் எண்ணி முடிச்சாத்தான எங்களத் தேட வரணும்!"