மரத்திலிருந்து வந்த பின்பாட்டு

கச்சேரி விமர்சகன் கண்ணை மூடினால் இரண்டில் ஒன்று: லயித்திருக்கிறான், அல்லது தூங்குகிறான். (பாடுகிறவருக்கு இரண்டும் ஒன்றுதான்.) மூன்றாவது வகையும் உண்டு என்று ஏற்காட்டில் நான்தான் கண்டுபிடித்தேன்.

எண்பதுகளின் நடுவில், சேலத்தில் அரசு அலுவலக குமாஸ்தா நான். ஓய்வு நேரத்தில் ஒரு மாலைப் பத்திரிகைக்குச் சங்கீத விமர்சனம் எழுதினேன். அந்தப் பத்தியை எனக்கே நிரந்தரமாகத் தருவதா என்பதை அடுத்த கட்டுரையைப் பார்த்து முடிவு செய்வதாக ஆசிரியர் சொல்லியிருந்தார். அந்த அடுத்த கச்சேரி, என் மாமனார் கணக்கெழுதும் ரைட்டராக இருந்த ஏற்காட்டு எஸ்டேட்டில் அமைந்தது என் ஜாதக விசேஷம். மாப்பிள்ளை வந்து தீர்ப்புச் சொல்லப்போகிறார் என்று அவர் பக்கத்து ஊரான தலைச்சோலை வரை சொல்லிவைத்திருந்தார்.

காப்பிக்கொட்டை காயவைக்கும் களத்தின் ஓரம், பக்கச்சுவர் இல்லாத தகரக் கொட்டகை. வெளியே சில்வர் ஓக் மரத்தில் ஒலிபெருக்கிக் குழாய். முன்வரிசையின் ஓர நாற்காலியில் விதிப்படி உட்கார்ந்தேன். (விமர்சகன் பாதியில் எழுந்துபோக வசதி வேண்டும்.) பக்கத்தில் மாமனார். இளம் பாடகி தோடியை எடுத்தார். நான் முறைப்படி கண்ணை மூடினேன்.

திறந்தபோது உலகம் இல்லை. மாலைப் பனி கொட்டகைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. மேடையைக் காணோம், என் முழங்காலையும் காணோம். வெள்ளைக்குள்ளிருந்து தோடி மட்டும் வந்துகொண்டிருந்தது.

அதன் பின்னால் இன்னொரு குரல்.

ஆண்குரல். மரத்துப் பக்கமிருந்து, ஒரு நூல் பிந்தி, தொண்டைக்குள்ளேயே பாடியது. உற்றுக் கேட்கலாமென்று நான் அசையாமல் இருந்தால் அதுவும் நின்றுவிடும். பிரமை என்று மறுபடி பாட்டில் மூழ்கினால் மெல்லத் தொடங்கும். நான் கவனிப்பது அதற்குத் தெரிந்திருந்தது.

மாமனார் சில்லிட்ட விரல்களால் என் மணிக்கட்டைப் பிடித்து, காதோடு காதாகக் கேட்டார்.

"ஏனுங்க மாப்ளே, உங்களுக்கும் கேக்குதுங்களா?"

தனக்கு முன்பு ரைட்டராக இருந்தவர் நொம்பப் பாட்டுப் பைத்தியம் என்றும், இதே மாதிரிப் பனியில் பாடிக்கொண்டே நடந்து பள்ளத்தில் விழுந்து செத்தவர் என்றும் தகவல் கொடுத்தார். அந்த நேரத்தில் அதை நான் கேட்டிருக்க வேண்டியதில்லை.

தீர்ப்புச் சொல்ல வந்தவன் நடுங்கலாமா? கம்பீரத்தை வரவழைத்துக்கொண்டு சொன்னேன்.

"அதுக்குச் சுருதியே சேரலைங்க மாமா. தேறாது."

மரத்திலிருந்து அந்தக் குரல், மலைக்கே அறிவிப்பதுபோல், "தேறாது" என்றது.

பாட்டு அறுந்தது. சுருதிப்பெட்டி மட்டும் இரைந்தது. மேடைப் பக்கமிருந்து விசும்பல் கேட்டது. பயத்தில் என் படிப்பெல்லாம் கழன்றுவிட, எழுந்து நின்று கத்தினேன்.

"ஆரது?"

"ஆரது?" என்றது மரம்.

பின்வரிசைகளில் நாற்காலிகள் உருண்டன. ஆட்கள் ஓடும் சத்தத்துக்கு நடுவே ஒரு டார்ச் வெளிச்சம் நிதானமாக என்னை நோக்கி வந்தது. மைக்செட் பாய்.

"சார், வரவேற்புரை மைக்கை அணைக்காம உங்க நாற்காலிக்கடியில வெச்சுட்டாங்களாட்ட இருக்குதுங்க." டார்ச்சை நாற்காலிக்கடியில் அடித்தார். "அது நீங்கதானுங்க."

கண்ணை மூடினாலும் பனி மூடினாலும் நானும் கூடவே பாடுவேன் என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பாடகியிடம், தீர்ப்பு அவருக்கல்ல, எனக்கு என்று மன்றாடி விளக்கினேன். அவர் மறுபடி பாட உட்காரவில்லை. விமர்சனத்தில் அவருடைய தோடியை மனதாரப் புகழ்ந்தேன். பின்பாட்டுக்காரருக்குச் சுருதியும் இல்லை, மேடை நாகரிகமும் இல்லை என்று எழுதி, கலைஞர் பெயரைக் குறிப்பிடுவது நடைமுறை என்பதால் என் பெயரையும் போட்டேன். ஆசிரியர் பத்தியை எனக்கே கொடுத்தார். ஒரே நிபந்தனை: இனிக் கச்சேரியில் கடைசி வரிசை.

மாமனார் இருந்தவரை என் பெயரே வீட்டில் 'தேறாது மாப்ளே'தான். இன்றும் குளியலறையில் நான் வாயைத் திறந்தால் சமையலறையிலிருந்து மனைவி "ஆரது?" என்பாள். வெந்நீர் ஆவி கண்ணை மறைக்கும்போது, குழாயை மூடிவிட்டு அந்தப் பின்பாட்டை உற்றுக் கேட்பேன்.

அதுவும் நின்றுவிடும்.